முதலில் படம், பிறகு கிளெய்ம், அப்புறம்தான் விவரம்: 1907-ஆம் ஆண்டு முறையில் ஓர் இயந்திரக் காப்புரிமை விண்ணப்பம்

கூகுள் பேட்டன்ட்ஸில் அமெரிக்கக் காப்புரிமை எண் 821393-ஐத் தட்டினால் ரைட் சகோதரர்களின் பறக்கும் இயந்திரம் திறக்கும். 775134 ஜில்லட்டின் சவரக்கத்தி. 743801 மேரி ஆண்டர்சனின் ஜன்னல் துடைப்பான், இன்றைய வைப்பரின் முன்னோடி. எல்லாவற்றுக்கும் ஒரே அமைப்புதான்: முதலில் படங்கள், பிறகு இரண்டு பத்தியாக அச்சிட்ட விவரம், கடைசியில் எண் போட்ட சில நீண்ட வாக்கியங்கள். மெக்கானிக்கல் மாணவர்கள், சட்டம் படிப்பவர்கள், பழைய இயந்திரங்களைச் சரிசெய்பவர்கள் என்று பலர் இந்த ஏடுகளைத் திறக்கிறார்கள். பெரும்பாலோர் படத்தைப் பார்த்துவிட்டு மூடிவிடுகிறார்கள். உண்மையான சொத்து கடைசியில் இருக்கும் அந்த எண் போட்ட வாக்கியங்களில்தான் இருக்கிறது. அவற்றுக்குத்தான் கிளெய்ம் என்று பெயர்: கண்டுபிடிப்பில் எது தனக்கு உரிமை என்று கேட்கும் வாக்கியம்.

இந்த ஏடுகளைப் படிக்கப் பழக வேண்டுமென்றால், 1907-ஆம் ஆண்டின் அமெரிக்க விதிப்படி ஒரு விண்ணப்பத்தை நாமே கையால் தயாரித்துப் பார்ப்பதுதான் நல்ல வழி. ஒரு வாரம் மாலை நேரத்தை ஒதுக்கினால் போதும். ஒன்றை மட்டும் ஆரம்பத்திலேயே மனதில் வையுங்கள். தாள்களை அடுக்கும் வரிசை வேறு, வேலை செய்யும் வரிசை வேறு. அடுக்கும்போது மனு, விவரம், கிளெய்ம், உறுதிமொழி, படம் என்று வரும். வேலை செய்யும்போது படம் முதலில், கிளெய்ம் அடுத்து, விவரம் அதற்கும் பிறகு. இந்த வரிசை மாறினால் விண்ணப்பம் எங்காவது ஓரிடத்தில் ஓட்டையாகிவிடும்.

எதையெல்லாம் அனுப்ப வேண்டும்

முழுமையான விண்ணப்பத்துக்கு ஐந்து தேவை. காப்புரிமை ஆணையருக்கு ஒரு மனு. விவரக்குறிப்பு, கிளெய்ம்கள் இதன் கடைசிப் பகுதி. உறுதிமொழி. படம். முதல் கட்டணம் 15 டாலர். இவற்றில் ஒன்று குறைந்தாலும் ஆய்வுக்கான வரிசையில் சேர்க்க மாட்டார்கள். காப்புரிமை வழங்க முடிவானதும் இன்னொரு 20 டாலர் கட்ட வேண்டும். ஆக 35 டாலர். 1861 முதல் 1922 வரை இந்தக் கணக்கு மாறவில்லை. காப்புரிமைக் காலம், வழங்கிய நாளிலிருந்து 17 ஆண்டு. இடையில் ஆண்டுக் கட்டணம் எதுவும் கிடையாது.

மாதிரி உருவம் செய்து அனுப்ப வேண்டுமா என்று பலர் கேட்பார்கள். 1880 வரை அது கட்டாயம். அதன்பின், விண்ணப்பத்தைச் சோதிக்கும் காப்புரிமை அலுவலக ஆய்வாளர் கேட்டால் மட்டும்தான். கேட்டாலும் நீளம், அகலம், உயரம் எதிலும் ஓரடியைத் தாண்டக் கூடாது. நிற்காமல் தானே ஓடும் இயந்திரம் என்று எழுதி அனுப்பியவர்களிடம் மட்டும், ஓடும் மாதிரியைக் காட்டுங்கள் என்று கேட்டார்கள்.

பயிற்சிக்கு ஒரு தாழ்ப்பாள்

கையில் ஒரு பொருள் இல்லாமல் இதைக் கற்க முடியாது. ஒரு சின்னத் தாழ்ப்பாளை எடுத்துக்கொள்வோம். இதில் புதுமை இருக்கிறது என்று சொல்லவில்லை. பயிற்சிக்கு இது போதும்.

சாதாரண ஸ்பிரிங் தாழ்ப்பாளில் நாக்கு எப்போதும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். கதவை மூடும்போது அது கதவு நிலையில், அதாவது கதவைத் தாங்கும் சட்டத்தில் உரசி, சத்தத்தோடு உள்ளே போய் வெளியே வரும். நம் தாழ்ப்பாளில் கதவு திறந்திருக்கும்வரை நாக்கு உள்ளேயே நிற்க வேண்டும். கதவு முழுதாக மூடிய கணத்தில் மட்டும் வெளியே பாய வேண்டும்.

பாகங்கள் இவை: உறை 1. அதற்குள் முன்னும் பின்னும் நகரும் நாக்கு 2. நாக்கை வெளியே தள்ளும் சுருள் ஸ்பிரிங் 3. நாக்கின் மேல் விளிம்பில் ஒரு வெட்டு 4. நாக்குக்கு மேலே, மூலையில் பின் 6-இல் சுழலும் எல் வடிவ நெம்புகோல் 5. அதன் ஒரு கை பின்னால் நீண்டு, முனையில் உள்ள மூக்கு 7 கீழே வெட்டுக்குள் விழும். இன்னொரு கை கீழ்நோக்கித் தொங்கி, அதன் முனை உறையின் முகப்பில் உள்ள துளை வழியாக வெளியே எட்டிப்பார்க்கும். அது விரல் 8. மூக்கைக் கீழே அழுத்தும் தகட்டு ஸ்பிரிங் 9. நிலையில் பொருத்தும் தகடு 10, அதில் நாக்கு நுழையும் துளை, ஒரு புடைப்பு 11. நாக்கை உள்ளே இழுக்கக் குமிழ் 12.

குமிழை இழுத்தால் நாக்கு உள்ளே போகும், மூக்கு வெட்டில் விழுந்து பிடித்துக்கொள்ளும். கதவு மூடும்போது புடைப்பு விரலை உள்ளே தள்ளும், மூக்கு எழும்பும், நாக்கு பாயும். புடைப்பு 11 எங்கே இருக்கிறது என்பதில்தான் இந்தக் கருவியின் உயிரே இருக்கிறது. விரல், கதவுக்கும் நிலைக்கும் நடுவே உள்ள இடைவெளியைவிடக் குறைவாகவே நீண்டிருக்க வேண்டும். புடைப்பைத் தவிர வேறெதிலும் படக் கூடாது. நாக்கு தன் துளைக்கு நேராக வரும்போதுதான் புடைப்பு விரலைத் தொட வேண்டும். இல்லையென்றால் நாக்கு முன்னதாகவே பாய்ந்து தகட்டில் மோதும், கதவு மூடாது. இதை நினைவில் வையுங்கள். பின்னால் திரும்ப வருவோம்.

தேடல்

படம் போடுவதற்கு முன் பழைய காப்புரிமைகளைத் தேடுங்கள். அன்று வாஷிங்டனில் போய் உட்கார்ந்து வகுப்பு வாரியாக அடுக்கிய அச்சுப் பிரதிகளைப் புரட்டினார்கள். அஞ்சலில் வாங்கினால் பிரதி 5 சென்ட். இன்று கூகுள் பேட்டன்ட்ஸில் தேதி வரம்பை 1907-க்கு முன் என்று வைத்துத் தேடலாம். ஆனால் வெறும் சொல்லை மட்டும் நம்பாதீர்கள். பழைய அச்சை இயந்திரம் படித்தெடுத்த எழுத்தில் பிழை அதிகம். அன்று ஒரே பொருளுக்கு ஆளுக்கொரு பெயரும் இருந்தது. ஒத்த தாழ்ப்பாள் ஒன்றைக் கண்டுபிடித்து, அதன் வகுப்பு எண்ணைக் குறித்துக்கொண்டு, அந்த வகுப்பு முழுவதையும் புரட்டுவதுதான் பலன் தரும்.

தேடலில் கிடைத்த மிக நெருங்கிய மூன்று நான்கு காப்புரிமைகளைத் தனியாக எடுத்து வையுங்கள். அவற்றில் இல்லாதது உங்கள் கருவியில் எது? நம் தாழ்ப்பாளில் நாக்கு, ஸ்பிரிங், பிடி எல்லாம் பழையதாக இருக்கலாம். கதவு மூடிய நிலையில் மட்டும் பிடியை விடுவிக்கும் ஏற்பாடு புதிதாக இருக்கலாம். அந்த ஒரு வரியைத் தாளில் எழுதி எதிரே ஒட்டிவையுங்கள். படமும் கிளெய்மும் அதைச் சுற்றித்தான் வர வேண்டும்.

படம்

அன்றைய விதிகளில் மிகக் கறாரானவை படத்துக்கானவைதான். காரணம் உண்டு: அனுப்பிய படத்தை ஒளிப்பட முறையில் சுருக்கிக் கல்லச்சில் அடிப்பார்கள். சாம்பல் நிறக் கோடு சுருங்கும்போது மறையும். நெருங்கிய கோடுகள் சேர்ந்து மை அப்பியதுபோல் ஆகிவிடும்.

வழவழப்பான, கனமான வெள்ளை பிரிஸ்டல் அட்டை வேண்டும். அளவு சரியாக 10 அங்குலம், 15 அங்குலம், அதாவது 25.4 சென்டிமீட்டர், 38.1 சென்டிமீட்டர். ஏ3 அளவு அட்டையிலிருந்து வெட்டிக்கொள்ளலாம். நான்கு பக்கமும் ஓரங்குலம் விட்டு ஒற்றைக் கோட்டில் சட்டம் போடுங்கள். உள்ளே 8 அங்குலம், 13 அங்குலம் மிஞ்சும். சட்டத்துக்குள்ளே மேலே குறைந்தது ஒன்றேகால் அங்குலம் வெறுமையாக விடுங்கள். எண், பெயர், தேதி, தலைப்பு எல்லாவற்றையும் அலுவலகம் அங்கேதான் அச்சிடும். கீழே வலப்பக்கம் கண்டுபிடித்தவர் கையெழுத்துக்கும் இடப்பக்கம் இரண்டு சாட்சிகள் கையெழுத்துக்கும் இடம் வேண்டும். இவையும் சட்டத்துக்குள்ளேயே வர வேண்டும்.

மை என்றால் கறுப்பு இந்தியன் இங்க் மட்டும். வண்ணம், நீர் பூச்சு, பென்சில் நிழல் எதுவும் கூடாது. ரூலிங் பேனா பழக்கமில்லாதவர்கள் முதலில் வேறு அட்டையில் பழகுங்கள். பேனாவின் இரண்டு அலகுக்கும் நடுவே கால் அங்குல உயரத்துக்கு மேல் மை ஊற்றாதீர்கள். ஊற்றினால் கோட்டின் தொடக்கத்தில் சொட்டும். ஸ்கேலின் சரிந்த விளிம்பு கீழ்நோக்கி இருக்கட்டும். இல்லாவிட்டால் மை ஸ்கேலுக்கு அடியில் ஓடிப் பரவும். வட்டங்களையும் வளைவுகளையும் முதலில் மையிட்டு, நேர்கோடுகளைப் பிறகு அவற்றோடு சேருங்கள். நேர்கோட்டை வளைவில் சேர்ப்பது எளிது. வளைவைக் கோட்டில் சேர்ப்பது கடினம். காம்பஸ், ஸ்கேல் துணையில்லாமல் கையால் கோடு இழுப்பதை முடிந்தவரை தவிர்க்க வேண்டும் என்பதும் விதி.

கருவியைக் குறுக்கே அறுத்துப் பார்த்ததுபோல் காட்டும் வெட்டுத் தோற்றத்தில், அறுபட்ட பரப்பில் சாய்ந்த இணைகோடுகள் போட வேண்டும். இடைவெளி ஓரங்குலத்தில் இருபதில் ஒரு பங்கு, ஏறத்தாழ 1.3 மில்லிமீட்டர். அடுத்தடுத்த பாகங்களுக்குக் கோட்டின் சாய்வை மாற்றுங்கள். உறை ஒரு பக்கம் சாய்ந்தால் நாக்கு மறுபக்கம் சாயட்டும். முழுக் கறுப்பாக நிரப்பக் கூடாது. மரத்தின் நார்களை வரைந்து அழகு காட்டவும் கூடாது.

நிழல் கோடுகளில்தான் புதியவர்கள் தடுமாறுவார்கள். ஒளி மேல் இடது மூலையிலிருந்து 45 பாகையில் விழுவதாகக் கொள்ள வேண்டும். ஆகவே துருத்தி நிற்கும் பாகத்துக்கு வலது விளிம்பும் கீழ் விளிம்பும் தடிக்கும். துளைக்கும் பள்ளத்துக்கும் நேர்மாறாக, இடது விளிம்பும் மேல் விளிம்பும் தடிக்கும். நம் தாழ்ப்பாளில் குமிழ் 12 வலப்பக்கமும் கீழும் தடிக்க வேண்டும். முகப்பில் விரல் வெளிவரும் துளை இடப்பக்கமும் மேலேயும் தடிக்க வேண்டும். இந்த ஒன்றைத் தெரிந்துகொண்டாலே பழைய காப்புரிமைப் படங்களில் எது மேடு, எது குழி என்பது கண்ணில் தானாகப் படத் தொடங்கிவிடும்.

எண்கள் எட்டில் ஓர் அங்குலத்துக்குக் குறையாத உயரத்தில், அதாவது 3 மில்லிமீட்டருக்குச் சற்று அதிகமாக இருக்கட்டும். ஒரு பாகத்துக்கு எல்லாத் தோற்றத்திலும் ஒரே எண்தான். வேறு பாகத்துக்கு அதே எண் வரவே கூடாது. எண்ணைக் கோட்டுக் கூட்டத்தின் மேல் எழுதாமல், வெறுமையான இடத்தில் எழுதி மெல்லிய கோட்டால் இணையுங்கள்.

எத்தனை தோற்றம் வேண்டும்? கிளெய்மில் சொல்லும் ஒவ்வொரு பாகமும் படத்தில் தெரிந்தாக வேண்டும் என்பது விதி. நம் தாழ்ப்பாளுக்கு நான்கு போதும். முதல் படத்தில் கதவில் பொருத்திய வெளித்தோற்றம். இரண்டாவதில் நாக்கு உள்ளே பிடிபட்ட நிலையில் நெடுக்கு வெட்டு. மூன்றாவதில் அதே வெட்டில் நாக்கு வெளியே பாய்ந்த நிலை. நான்காவதில் மேலிருந்து பார்த்த தோற்றம், கதவு மூடிக்கொண்டிருக்கும்போது விரலும் புடைப்பும் தொடும் கணத்தில். இந்த நான்காவது படத்தைத்தான் எல்லோரும் விட்டுவிடுவார்கள். கருவி ஓய்ந்து நிற்கும் நிலைகளை வரைந்துவிட்டு, அது வேலை செய்யும் கணத்தை வரையாமல் போவது இயந்திரக் காப்புரிமைப் படங்களில் சாதாரணமாக நடக்கும் தவறு.

முடித்த படத்தை அனுப்பும்போது சுருட்டி அனுப்ப வேண்டும். மடித்தால் மடிப்புக் கோடு அச்சில் விழும்.

கிளெய்ம்

நிலத்துக்குப் பட்டா எப்படியோ, கண்டுபிடிப்புக்குக் கிளெய்ம் அப்படி. விவரம் முழுக்க வீட்டை வர்ணிக்கும். கிளெய்ம் நான்கு எல்லையைச் சொல்லும். அடுத்தவர் அத்துமீறினாரா என்று நீதிமன்றம் பார்க்கும்போது, கிளெய்மில் சொன்ன ஒவ்வோர் உறுப்பும் அவருடைய கருவியில் இருக்கிறதா என்றுதான் பார்க்கும். ஒன்று இல்லாவிட்டாலும் அவர் தப்பிவிடுவார். ஆகவே கிளெய்மில் ஒரு சொல் கூடினால் வேலி ஓரடி உள்ளே வந்துவிட்டது என்று பொருள்.

அசல் விண்ணப்பம் ஆங்கிலத்தில் இருக்க வேண்டும். இங்கே கருத்துக்காகத் தமிழில் எழுதிப் பார்ப்போம். கற்றுக்கொள்பவரின் முதல் முயற்சி பெரும்பாலும் இப்படி இருக்கும்:

"பித்தளை உறை, அதில் நகரும் எஃகு நாக்கு, அதைத் தள்ளும் சுருள் ஸ்பிரிங், நாக்கின் மேல் விளிம்பில் உள்ள வெட்டு, அதில் விழும் மூக்கை உடைய எல் வடிவ நெம்புகோல், தகட்டு ஸ்பிரிங், உருண்டை முனை கொண்ட விரல், நிலைத்தகட்டில் உள்ள புடைப்பு ஆகியவை சேர்ந்த தாழ்ப்பாள்."

இது கிடைத்துவிடும். ஆனால் பயனில்லை. எதிராளி உறையை வார்ப்பிரும்பில் செய்தால் போதும், அல்லது வெட்டை நாக்கின் கீழ் விளிம்புக்கு மாற்றினால் போதும், வெளியே போய்விட்டார்.

மறுகோடி இது: "கதவு முழுதாக மூடும்வரை நாக்கு வெளிவராதபடி அமைந்த தாழ்ப்பாள்." இதில் கருவியே இல்லை, பலன் மட்டும் இருக்கிறது. பலனுக்குக் காப்புரிமை கிடையாது. மோர்ஸ் தன் தந்தியில் மின்காந்த விசையால் தொலைவில் எழுத்தைப் பதிக்கும் எல்லா வழிகளும் தன்னுடையவை என்று கேட்ட எட்டாவது கிளெய்மை அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1854-லேயே தள்ளிவிட்டது. ஆய்வாளரும் இப்படிப்பட்டதை உடனே நிராகரிப்பார்.

நடுவே ஒன்றை எழுதுங்கள்: "தாழ்ப்பாள் ஒன்றில், உறை, அதில் நகரும் நாக்கு, நாக்கை வெளியே தள்ளும் சாதனம், நாக்கை உள்ளே நிறுத்தும் பிடி, உறைக்கு வெளியே நீண்டு அப்பிடியோடு இணைந்த விரல், நாக்கு தன் துளைக்கு நேராக வரும்போது மட்டும் அவ்விரலைத் தொட்டுப் பிடியை விடுவிக்கும்படி நிலையில் அமைந்த புடைப்பு ஆகியவற்றின் சேர்க்கை, இங்கு விவரித்தவாறு." உலோகம் போயிற்று, எல் வடிவம் போயிற்று, சுருள் ஸ்பிரிங் "சாதனம்" ஆயிற்று. எதிரே ஒட்டிவைத்த அந்த ஒரு வரி மட்டும் முழுதாக நிற்கிறது. இதை முதல் கிளெய்மாக வைத்து, எல் வடிவ நெம்புகோலைச் சேர்த்து இரண்டாவது, தகட்டு ஸ்பிரிங்கையும் சேர்த்து மூன்றாவது என்று படிப்படியாக இறுக்கிக்கொண்டு போங்கள். அகலமானது விழுந்தாலும் குறுகியது நிற்கும்.

உறுப்புகள் ஒன்றோடொன்று சேர்ந்து வேலை செய்ய வேண்டும் என்பதையும் கவனியுங்கள். பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் சேர்க்கை ஆகாது. பென்சில் முனையில் ரப்பர் பொருத்திய காப்புரிமையை உச்ச நீதிமன்றம் 1875-இல் செல்லாது என்றது இதனால்தான். பென்சில் எழுதுகிறது, ரப்பர் அழிக்கிறது. ஒன்றால் மற்றொன்றின் வேலை மாறவில்லை.

அகலமான கிளெய்ம் என்ன செய்யும் என்பதற்கு 821393-ஐவிட நல்ல பாடம் இல்லை. ரைட் சகோதரர்கள் 1903 மார்ச் 23-இல் தாங்களே எழுதி விண்ணப்பித்தார்கள், அது நிராகரிக்கப்பட்டது. 1904 தொடக்கத்தில் ஒஹாயோ மாநிலத்து ஸ்ப்ரிங்ஃபீல்டில் இருந்த வழக்கறிஞர் ஹாரி டூல்மினிடம் போனார்கள். 1906 மே 22-இல் 18 கிளெய்ம்களோடு காப்புரிமை வந்தது. முதல் கிளெய்மைத் திறந்து படியுங்கள். மரச்சட்டம் இல்லை, துணி இல்லை, இறக்கையை முறுக்கும் கம்பி இல்லை, எஞ்சினும் இல்லை. இறக்கையின் இரு ஓரப் பகுதிகளும் காற்றை வேறு வேறு கோணத்தில் சந்திக்கும்படி நகரக்கூடியவை, அவற்றை நகர்த்த ஒரு சாதனம், அவ்வளவுதான். பின்னாளில் இன்னொரு விமானத் தயாரிப்பாளரான கிளென் கர்ட்டிஸ் இறக்கையை முறுக்காமல் ஏலரான் என்னும் தனி மடிப்புகளை வைத்துப் பறந்தார். அதையும் இந்தக் காப்புரிமையின் கிளெய்ம்கள் பிடித்தன. 1913-இல் கீழ் நீதிமன்றமும் 1914 ஜனவரியில் மேல்முறையீட்டு நீதிமன்றமும் ரைட் பக்கம் தீர்ப்பளித்தன. பறக்கும் கருவி அதேதான். எழுதிய விதம்தான் மாறியது.

விவரக்குறிப்பு

கிளெய்ம் முடிந்த பிறகு இதை எழுதுவது எளிது. தாளின் ஒரு பக்கம் மட்டும் எழுதி, இடப்பக்கம் ஒன்றரை அங்குலம் விடுங்கள். வரிசை இப்படி: பெயர், குடியுரிமை, ஊர், கண்டுபிடிப்பின் தலைப்பு. பிறகு அதன் நோக்கம் நான்கைந்து வரியில். பிறகு ஒவ்வொரு படமும் எதைக் காட்டுகிறது என்று ஒவ்வொரு வரி. பிறகு பாகம் பாகமாக விவரம். பிறகு அது இயங்கும் விதம். பிறகு கிளெய்ம்கள். கடைசியில் கையெழுத்தும் இரண்டு சாட்சிகளும். தலைப்பு சின்னதாக, நேராக இருக்கட்டும். ரைட் சகோதரர்கள் "பறக்கும் இயந்திரம்" என்றார்கள், ஜில்லட் "சவரக்கத்தி" என்றார்.

அந்தத் தொழில் தெரிந்த ஒருவர் இதைப் படித்துத் தானே செய்துவிட முடிய வேண்டும் என்பது சட்டம் கேட்கும் அளவுகோல். இயந்திரம் என்றால் அதன் தத்துவத்தையும், உங்களுக்குத் தெரிந்த மிகச் சிறந்த வடிவத்தையும் சொல்ல வேண்டும். நல்ல வடிவத்தைக் கைக்குள் வைத்துக்கொண்டு மட்டமானதை எழுதுவது ஆபத்து.

இங்கேதான் புடைப்பு 11 திரும்ப வருகிறது. "கதவு மூடும்போது விரல் நிலையில் பட்டு உள்ளே போகும்" என்று மட்டும் எழுதியிருந்தால், ஆய்வாளர் கேட்பார்: நாக்கு துளைக்கு நேராக வருமுன்பே விரல் நிலையின் ஓரத்தில் படாதா? அப்போது புடைப்பைச் சேர்க்கலாம் என்றால் முடியாது. விண்ணப்பித்த நாளில் படத்திலோ விவரத்திலோ இல்லாத எதையும் பிறகு நுழைக்க அனுமதி இல்லை. புதிதாக விண்ணப்பிக்க வேண்டும், புதிதாக 15 டாலர், தேதியும் பின்தள்ளும். ஆகவே இயங்கும் விதத்தை எழுதும்போது கதவைக் கையால் மெல்ல மூடுவதாக நினைத்துக்கொண்டு, அங்குலம் அங்குலமாக எது எதைத் தொடுகிறது என்று எழுதுங்கள். மாற்று வடிவங்களையும் இங்கேயே சொல்லிவிடுங்கள்: சுருள் ஸ்பிரிங்குக்குப் பதில் தகட்டு ஸ்பிரிங் வைக்கலாம், வெட்டு கீழ் விளிம்பிலும் இருக்கலாம். கிளெய்மில் "சாதனம்" என்ற சொல்லுக்குப் பலம் கொடுப்பவை இந்த வரிகள்தான்.

எழுதி முடித்ததும் ஒரு வேலை. வண்ணப் பென்சிலோடு உட்கார்ந்து 1 முதல் 12 வரை ஒவ்வோர் எண்ணையும் படத்திலும் விவரத்திலும் தேடிக் கோடிடுங்கள். படத்தில் இருந்து விவரத்தில் இல்லாத எண், விவரத்தில் இருந்து படத்தில் இல்லாத எண், இரண்டுமே திருப்பி அனுப்பும் கடிதத்தைக் கொண்டுவரும்.

உறுதிமொழி

நோட்டரி முன் சத்தியம் செய்து கையெழுத்திட வேண்டும். தானே உண்மையான முதல் கண்டுபிடிப்பாளர் என்று நம்புவதாக, தனக்கு முன் இது வழக்கில் இருந்ததாகத் தெரியாது என்று, விண்ணப்பத்துக்கு இரண்டு ஆண்டுக்கு மேல் முன்பாக இது அமெரிக்காவில் பொதுப் பயன்பாட்டிலோ விற்பனையிலோ இருக்கவில்லை என்று. வெளிநாட்டில் 12 மாதத்துக்கு முன்பே விண்ணப்பித்திருந்தால் அதுவும் சிக்கல். வெற்றுத் தாளில் முன்கூட்டியே கையெழுத்து வாங்கிக்கொண்டு பிறகு நிரப்புவது கடும் குற்றமாகக் கருதப்பட்டது. கையெழுத்துக்குப் பின் தாளைத் திருத்துவதும் அப்படியே. இரண்டிலும் விண்ணப்பம் கோப்பிலிருந்து நீக்கப்படலாம்.

பணம் போட்டவரைக் கண்டுபிடித்தவர் என்று சேர்க்காதீர்கள். பொய்யாகச் சேர்த்த பெயர் காப்புரிமையையே செல்லாததாக்கிவிடும். அவருக்குப் பங்கு கொடுக்க உரிமை மாற்றுப் பத்திரம் இருக்கிறது. முதலில் விண்ணப்பித்தவருக்கல்ல, முதலில் கண்டுபிடித்தவருக்கே உரிமை என்பது அன்றைய அமெரிக்கச் சட்டம். இருவர் மோதினால் யாருக்கு எப்போது எண்ணம் தோன்றியது, யார் எப்போது செய்து முடித்தார் என்று சாட்சியோடு நிரூபிக்க வேண்டும். ஆகவே முதல் கிறுக்கல் படத்திலேயே தேதி போட்டு, புரிந்துகொள்ளக்கூடிய ஒருவரிடம் கையெழுத்து வாங்கி வைப்பது வழக்கம்.

ஆய்வாளரின் கடிதம்

முதல் கடிதத்தில் பெரும்பாலான கிளெய்ம்கள் நிராகரிக்கப்படும். பதற வேண்டாம், அதுதான் நடைமுறை. ஆய்வாளர் பழைய காப்புரிமைகளின் எண், பெயர், தேதியைக் குறித்திருப்பார். அவற்றை எடுத்து உங்கள் கிளெய்மின் ஒவ்வோர் உறுப்பையும் அவற்றில் தேடுங்கள். எந்த உறுப்பு இல்லையோ அதைக் காட்டி எழுதுங்கள். எல்லா உறுப்பும் இருந்தால் கிளெய்மைக் குறுக்குங்கள். திருத்தம் எழுதும்போது எந்தப் பக்கம், எந்த வரி, எந்தச் சொல்லை அடித்து எதைச் சேர்ப்பது என்று துல்லியமாகச் சொல்ல வேண்டும். அவசரப்பட்டுக் குறுக்காதீர்கள்: ஆய்வாளருக்காக விட்டுக்கொடுத்த எல்லையைப் பிறகு நீதிமன்றத்தில் திரும்பப் பெற முடியாது.

1898 முதல் பதிலுக்கு ஓராண்டு அவகாசம். அதற்கு முன் இரண்டு ஆண்டு. அந்த இரண்டு ஆண்டைப் பல தடவை ஏறத்தாழ முழுதாகப் பயன்படுத்தியவர் ஜார்ஜ் செல்டன். மோட்டார் வண்டிக்கு 1879 மே 8-இல் விண்ணப்பித்து, 1895 நவம்பர் 5-இல்தான் காப்புரிமை வாங்கினார். ஆனால் ஹென்றி ஃபோர்டுக்கு எதிரான வழக்கில் 1911-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம், அவருடைய கிளெய்ம் பிரேட்டன் (Brayton) என்னும் எஞ்சின் வகைக்கு மட்டுமே பொருந்தும், ஃபோர்டின் வண்டியில் இருப்பது ஓட்டோ (Otto) என்னும் வேறு வகை, ஆகவே மீறல் இல்லை என்றது. பதினாறு ஆண்டு காத்திருந்தும், வேலி போட்ட இடம் அவரைக் காப்பாற்றவில்லை.

ஒரே கிளெய்ம் இரண்டு முறை நிராகரிக்கப்பட்டால் தலைமை ஆய்வாளர்கள் குழுவுக்கு 10 டாலர் கட்டி மேல்முறையீடு செய்யலாம். அதற்கு மேல் ஆணையருக்கு 20 டாலர்.

செவ்வாய்க்கிழமை

ஏற்பு அறிவிப்பு வந்ததும் ஆறு மாதத்துக்குள் 20 டாலரைக் கட்ட வேண்டும். தவறினால் விண்ணப்பம் கைவிட்டுப் போகும். காப்புரிமைகள் செவ்வாய்க்கிழமைகளில் வழங்கப்பட்டன, இன்றும் அப்படியே. அன்றிலிருந்து 17 ஆண்டு ஓடத் தொடங்கும்.

இனி ஒவ்வொரு தாழ்ப்பாளிலும் "காப்புரிமை பெற்றது" என்ற சொல்லும் வழங்கிய தேதியும் பொறிக்க வேண்டும். பொறிக்காவிட்டால், மீறியவருக்குத் தனியாக அறிவிப்புக் கொடுத்த பிறகு நடந்த மீறலுக்குத்தான் இழப்பீடு கேட்க முடியும். எண்ணைப் பொறிப்பது 1927-இல் வந்த விதி. அதனால்தான் பழைய ஜில்லட் ரேசரில் எண் இல்லாமல் நவம்பர் 15, 04 என்று தேதி மட்டும் இருக்கிறது. அது 1904-ஆம் ஆண்டின் ஒரு செவ்வாய்க்கிழமை. உங்கள் கையில் இருக்கும் பழைய அமெரிக்க இயந்திரத்தில் இப்படி ஒரு தேதி தேய்ந்து தெரிந்தால், நாட்காட்டியில் கிழமையைப் பாருங்கள். செவ்வாய் இல்லையென்றால் ஓர் எழுத்தைத் தவறாகப் படித்திருக்கிறீர்கள். 3-ஐ 8 என்றும் 1-ஐ 7 என்றும் மாற்றிப் போட்டுப் பாருங்கள். செவ்வாய் என்றால் அந்த நாளில் வழங்கிய காப்புரிமைகளில் அந்த வகுப்பைத் திறந்து, முதலில் கடைசிப் பக்கத்துக்குப் போங்கள்.